ஆலங்குறிச்சியார் வாங்கிய மீன்பிடி லைசென்ஸ்

கரிச்சானாற்றங்கரையில் ஆலங்குறிச்சி என்று ஒரு ஊர் உண்டு. அந்த ஊரில் யாரும் எதையும் யோசிக்காமல் செய்ய மாட்டார்கள். அவர்களுடைய கஷ்டம் முழுக்க அதில்தான் இருந்தது.

ஊரிலேயே அதிகம் யோசிப்பவர் வையாபுரி. அவருக்கு அடுத்தபடி அவர் தம்பி சடையப்பன். இவர்கள் இருவரும் யோசித்தது சரிதானா என்று யோசிப்பதற்கு வையாபுரியின் தங்கை புருஷன் குழந்தைவேல் இருந்தார்.

வையாபுரியின் மகள் மரகதத்தைப் பெண் பார்க்க வருகிறோம் என்று திங்கட்கிழமை சேதி வந்தது. மாப்பிள்ளையின் அப்பா திருமேனி சாப்பாட்டு விஷயத்தில் கண்டிப்பான ஆள். "ஞாயித்துக்கிழமை வர்றோம். ஆத்துக் கெண்டைக் குழம்பு வச்சிடுங்க. மத்ததெல்லாம் பேசி முடிச்சுக்கலாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். மரகதத்துக்கு இது நான்காவது வரன். முன்பு வந்த மூன்று வீட்டாரும் இவர்களோடு கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினவர்கள்.

ஆற்றில் கெண்டை கிடந்தது. ஆனால் கரையில் புதிதாக ஒரு பலகை நட்டிருந்தார்கள். லைசென்ஸ் இல்லாமல் மீன் பிடிக்கக் கூடாது, வருஷத்துக்கு நானூறு ரூபாய் என்று அதில் எழுதியிருந்தது. மூவரும் பலகையின் முன்னால் உட்கார்ந்தார்கள்.

"நானூறு ரூபா குடுக்கலாமா வேண்டாமா?" என்றார் வையாபுரி.

"ஆத்துல எவ்வளவு மீன் மாட்டுதுன்னு தெரிஞ்சாத்தானே அண்ணே சொல்ல முடியும்?" என்றான் சடையப்பன்.

"அப்பப் பிடிச்சுப் பாத்துருவோம்."

"பிடிக்கணும்னா லைசென்ஸ் வேணுமே மச்சான்" என்றார் குழந்தைவேல்.

"லைசென்ஸ் வாங்கலாமான்னு தெரியணும்னா பிடிக்கணுமே மாப்ளே."

இதையே மத்தியானம் வரைக்கும் முன்னும் பின்னுமாகப் பேசினார்கள். கடைசியில் சடையப்பனுக்கு ஒரு வழி தோன்றியது. தூண்டிலில் முள் இருந்தால்தானே அது மீன் பிடிப்பது? முள் இல்லாமல் வெறும் தூண்டில் நரம்பை மட்டும் தண்ணீரில் விட்டால் எந்தச் சட்டமும் ஒன்றும் செய்ய முடியாது. லைசென்ஸும் தேவையில்லை, ஆற்றின் லட்சணமும் தெரிந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை முள் இல்லாத தூண்டிலைப் போட்டுக்கொண்டு மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மீன்கூட மாட்டவில்லை.

"நல்லவேளை, முன்னாடியே பாத்துக்கிட்டோம்" என்றார் வையாபுரி. "இந்த ஆத்துல மீனே இல்ல. நானூறு ரூபா தண்டமாப் போயிருக்கும்."

வீட்டில் இதைக் கேட்டதும் அவர் மனைவி செண்பகம் கையிலிருந்த கரண்டியை அடுப்பு மேடையில் ஓங்கி வைத்தாள். "எனக்கு அந்தக் கதையெல்லாம் வேண்டாம். ஞாயித்துக்கிழமை குழம்புல ஆத்து மீன் கிடக்கணும். இந்த வரனும் போச்சுன்னா நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். பொண்ணையும் கூட்டிக்கிட்டுத்தான்." மரகதம் எழுந்து உள்ளே போனாள். வையாபுரி உடனே துண்டை உதறித் தோளில் போட்டார். மக்குதான், ஆனால் மகள்மேல் உயிரையே வைத்திருந்த மனிதர்.

லைசென்ஸ் வாங்கியே ஆக வேண்டும். ஆனால் மீனே இல்லாத ஆற்றுக்கு லைசென்ஸ் வாங்கினால் ஊர் சிரிக்காதா? இந்த முறை யோசித்தது குழந்தைவேல்.

"ஆத்துல மீன் இல்லேன்னுதானே மச்சான் லைசென்ஸ் வீணாப் போகுதுங்கிறீங்க? மீன நாமளே போட்டுட்டா?"

புதன்கிழமை சந்தைக்குப் போனார்கள். அறுநூறு ரூபாய்க்கு ஐஸ் பெட்டியிலிருந்து இரண்டு கிலோ கடல் மீன் வாங்கி வந்து, ஒவ்வொன்றாக ஆற்றில் விட்டார்கள். எல்லாம் நேராக அடியில் போய்ப் படுத்தன.

"களைச்சுப் போயிருக்கு. சமுத்திரத்துலேருந்து வந்ததில்லையா" என்றான் சடையப்பன். இனி லைசென்ஸ் வீணாகாது என்ற நிம்மதியில் வியாழக்கிழமை காலையில் வையாபுரி லைசென்ஸ் ஆபீஸில் நானூறு ரூபாயைக் கட்டினார். பிளாஸ்டிக் ஒட்டிய அட்டை ஒன்று அவர் கைக்கு வந்தது.

கொடுத்த கிளார்க் நல்ல மனுஷர், பொறுமையாக விதிகளைச் சொன்னார். "மீன் பிடிக்கும்போது லைசென்ஸ் நல்லாத் தெரியற மாதிரி இருக்கணும் பெரியவரே. ஒரு சாணுக்குக் குறைஞ்ச மீன் மாட்டினா ஆத்துலயே விட்டுருங்க."

வெள்ளிக்கிழமை காலை தூண்டிலில் முள்ளும் இருந்தது, மண்புழுவும் இருந்தது. யாருக்குத் தெரியற மாதிரி என்று கிளார்க் சொல்லவில்லை. பிடிபடப் போவது மீன், ஆகவே மீனுக்குத்தான் தெரிய வேண்டும் என்று முடிவாயிற்று. குழந்தைவேல் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அட்டையைத் தண்ணீருக்குள் அமுக்கி, நாலு திசையிலும் திருப்பித் திருப்பிக் காட்டினார். அவர் கலக்கிய கலக்கில் ஒரு மணி நேரம் ஒரு மீனும் கிட்டே வரவில்லை.

"படிச்சுக்கிட்டு இருக்கும். அவசரப்படுத்தாத" என்றார் வையாபுரி.

குளிர் தாங்காமல் குழந்தைவேல் கரையேறிய பிறகு முதல் கெண்டை மாட்டியது. சடையப்பன் அளந்தான். அவன் கை முறம் போல இருக்கும். மீன் அவன் சாணுக்கு எட்டவில்லை, விட்டுவிட்டான். அடுத்ததும் எட்டவில்லை. எட்டு மீன் இப்படிப் போன பிறகுதான், குழந்தைவேலின் கை சின்னது, அவர் அளந்தால் மீன் வளரும் என்று வையாபுரிக்குப் பட்டது. அடுத்து வந்த கெண்டை முழங்கை நீளம் இருந்தது. குழந்தைவேல் சாணுக்கு அது இரண்டு சாண். மூவரும் கட்டிக்கொண்டு ஆடாத குறைதான்.

பத்து நிமிஷத்தில் அதே அளவில் இன்னொன்று மாட்டியது. வையாபுரியின் முகம் வாடிவிட்டது.

"என்ன மச்சான்?"

"மொத மீன் மட்டும் இருந்தப்ப அது நானூறு ரூபா மீன். இப்ப ரெண்டாச்சு. ஒண்ணு இருநூறு ரூபா."

சடையப்பன் பதறிப்போனான். "இன்னும் ரெண்டு பிடிச்சா நூறு ரூபாய்க்கு வந்துருமே அண்ணே! சம்பந்தி வீட்டுக்கு நூறு ரூபா மீனையா போடறது?"

இரண்டாவது மீனை அவசரம் அவசரமாகத் தண்ணீரில் விட்டார்கள். தூண்டிலையும் சுருட்டினார்கள். பிடிக்கப் பிடிக்க மலிந்துகொண்டே போகும் பொருளை எவன் பிடிப்பான்? ஒரு நானூறு ரூபாய் மீனோடு வீட்டுக்குத் திரும்பும் வழியில் குழந்தைவேல் நின்றார்.

"இன்னொரு லைசென்ஸ் வாங்கினா, இதே மீன் எண்ணூறு ஆயிருமில்ல?"

அன்று மத்தியானமே சடையப்பன் பேரிலும் குழந்தைவேல் பேரிலும் லைசென்ஸ் எடுத்தார்கள். மீன் அண்டாவில் நீந்திக்கொண்டிருந்தபடியே ஆயிரத்து இருநூறு ரூபாய் ஆனது. லைசென்ஸ் வாங்கினது லாபமா நஷ்டமா என்ற கேள்விக்கு அன்றைக்குத்தான் முடிவு கிடைத்தது. இவ்வளவு லாபமான சங்கதி வேறு எதுவும் இல்லை என்று மூவரும் ஒருமனதாகச் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை செண்பகம் அரிவாள்மணையோடு வந்தபோது மூவரும் அண்டாவைச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

"ஆயிரத்து இருநூறு ரூபாயை வெட்டறதா? உனக்கு மனசு வருதா?" என்று வையாபுரி கேட்டார். செண்பகம் தலையில் அடித்துக்கொண்டு போய்க் கத்திரிக்காய்க் குழம்பு வைத்தாள்.

திருமேனி இலையில் உட்கார்ந்தார். குழம்பைப் பார்த்தார். முகம் இறுகியது. மரகதம் கதவிடுக்கில் நின்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"மீன் எங்க?"

அண்டாவைத் தூக்கி வந்து அவர் இலைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். மூன்று அட்டைகளையும் காட்டி, விலையையும் வையாபுரி சொன்னார். திருமேனி அண்டாவுக்குள் குனிந்து மீனைப் பார்த்தார். பிறகு பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார்.

"எங்க ஊர்ல கெண்டை கிலோ இருநூறு ரூபாய்க்குக் கூவி விக்கிறான். ஒத்த மீனுக்கு ஆயிரத்து இருநூறு போட்ட வீட்டுல பொண்ணு எடுக்காம வேற எங்க எடுக்கிறது? தையில கல்யாணம். பந்தியில இந்த மீன்தான் இருக்கணும். இது வரலேன்னா என் மகன் தாலி கட்ட மாட்டான்."

வீடே மனம் குளிர்ந்துபோயிற்று. தை மாசத்துக்கு மூன்று மாதம் இருந்தது. அதுவரை மீனை எங்கே பத்திரப்படுத்துவது? வீட்டில் பூனை உண்டு. குழந்தைவேலின் வீட்டில் குழந்தைவேல் உண்டு, மீன் என்றால் அவருக்குக் கை நிற்காது. மீனுக்கு ஆற்றைவிடப் பாதுகாப்பான இடம் ஏது என்று சடையப்பன் சொன்னதை எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

கரைக்குப் போன பிறகு வையாபுரிக்கு ஒரு சந்தேகம் வந்தது. "நம்ம மீனுன்னு எப்படித் தெரியும்? வேற எவனாவது பிடிச்சிட்டு, சும்மா கிடந்த மீன்னு சொல்லிட்டா?"

"லைசென்ஸக் கட்டி விட்டுருவோம். பாத்தாலே விலை தெரிஞ்சிரும்" என்றார் குழந்தைவேல்.

கழுத்தில் கட்டுவதென்றுதான் முதலில் பேச்சு. மீனுக்குக் கழுத்து எது என்று மூன்று பேருக்கும் மூன்று அபிப்பிராயம் இருந்ததால், வாலோரம் மஞ்சள் கயிற்றில் மூன்று அட்டைகளையும் கட்டி ஆற்றில் விட்டார்கள். ஆயிரத்து இருநூறு ரூபாய் ஒரு துள்ளு துள்ளி உள்ளே போயிற்று.

தை பிறந்தது. கல்யாணத்தன்று காலையில் மேளச் சத்தம் கேட்க, மூவரும் புது வேட்டியோடு தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு ஓடினார்கள். கரைக் காவலர் குறுக்கே நின்றார்.

"லைசென்ஸ் எங்க?"

"மீன்கிட்ட இருக்குங்க" என்றார் வையாபுரி.

"லைசென்ஸ் யார்கிட்ட இருக்கோ அவங்கதான் மீன் பிடிக்கலாம். தூண்டிலச் சுருட்டுங்க" என்று சொல்லிவிட்டுக் காவலர் நடந்தார்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். காவலர் சொன்னதில் நியாயம் இருந்தது. தூண்டிலை, மண்புழு டப்பாவோடு சேர்த்து, மரியாதையாகத் தண்ணீருக்குள் வைத்துவிட்டுக் கரையில் உட்கார்ந்துகொண்டார்கள்.

நேரம் போயிற்று. மாப்பிள்ளை மாலையோடு தேடிக்கொண்டு வந்தார். பின்னாலேயே செண்பகமும், மரகதமும், மேளக்காரர்களும், தாலித் தட்டைப் பிடித்தபடி ஐயரும் வந்தார்கள். எல்லாருக்கும் பின்னால் திருமேனி மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். நடந்ததை வையாபுரி சொன்னார்.

திருமேனி ஆற்றைப் பார்த்தார். துண்டை விரித்துக் கரையில் உட்கார்ந்தார்.

"முகூர்த்தம் முடிய அரை மணிதான் இருக்கு" என்றார் ஐயர்.

"சத்தம் போடாதீங்க சாமி" என்றார் திருமேனி. "ஒத்த ஆளு, மூணு லைசென்ஸு. பிடிச்சுக் கொண்டாரக் கொஞ்சம் முன்னப்பின்ன ஆகத்தான் செய்யும்."