சைத்தான் சொன்னது

ஆத்திக்குளம் ஜமீன்தார் விசயரங்கருக்கு வாதம் கேட்பதென்றால் கொள்ளை ஆசை. ஒருநாள் பாதிரியாரையும் இஸ்லாமிய மார்க்க அறிஞரான ஆலிமையும் அழைத்து, சைத்தான் யார் என்று கேட்டார்.

“தேவதூதன். கடவுளுக்குச் சமமாக உட்கார ஆசைப்பட்டு வானத்திலிருந்து விழுந்தான்” என்றார் பாதிரியார்.

“இல்லை, அவன் நெருப்பில் பிறந்த ஜின். முதல் மனிதன் ஆதமுக்குப் பணிய மறுத்ததால் விரட்டப்பட்டான்” என்றார் ஆலிம்.

மூன்று நாளாகியும் வாதம் முடியவில்லை. புதுப்பானை கொண்டுவந்த குயவர் வீட்டுச் சடைச்சி அதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள்.

“என்ன சிரிப்பு? ரெண்டு பேரும் ஒத்துக்கிற மாதிரி அவன் யாருன்னு நீ சொல்லு. இல்லாட்டி உன் சூளையை இடிச்சு ஊரைவிட்டே துரத்திடுவேன்” என்று சீறினார் ஜமீன்தார்.

சடைச்சி பானையைக் கீழே இறக்கி வைத்தாள். “சொல்றேன் எசமான். அதுக்கு முன்னால நீங்க அந்த மேடையில இருந்து இறங்கி வந்து என் பக்கத்துல தரையில உட்காரணும்” என்றாள்.

“நானா? என் வம்சம் என்ன, மண்ணு பிசையுற உன் பிழைப்பு என்ன? உனக்குச் சமமா நான் உட்காருறதா?” என்று ஜமீன்தார் குதித்தார்.

சடைச்சி ஆலிமைப் பார்த்தாள். “பணியச் சொன்னப்ப அவன் என்ன சொன்னான், ஆலிம்சா?”

“‘நான் நெருப்பு, இவன் வெறும் மண்ணு. நான்தான் உசத்தி’ன்னான்” என்ற ஆலிம், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

“நீங்க சொல்ற ஆளு, சாமி?”

“‘எல்லாருக்கும் மேல என் சிம்மாசனம்’னான்” என்று தரையைப் பார்த்து முணுமுணுத்தார் பாதிரியார்.

“பிறப்பு வேறயா இருக்கலாம் எசமான். பேச்சு ஒண்ணுதான்” என்றாள் சடைச்சி.

மூன்று நாளில் முதல்முறையாக இரண்டு தலைகளும் சேர்ந்து ஆடின. இப்போது அவளைத் துரத்தினால் அது யார் பேச்சு என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

“மேல ரொம்பப் புழுக்கமா இருக்கு” என்று அங்கவஸ்திரத்தால் விசிறிக்கொண்டே இறங்கி வந்து, ஜமீன்தார் தரையில் உட்கார்ந்தார்.