சேர்ந்து வந்தால்தான் கதிர்

தேரிக்காட்டு ஓடைக்கரையில் முள்ளாண்டி என்ற முள்ளம்பன்றிக்குப் பெரிய வளை ஒன்று இருந்தது. கடைசி அறையில் அவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். வாசல் பக்கத்து அறையை வாடகைக்கு விட்டிருந்தார். இரண்டுக்கும் நடுவே நீண்ட நடை. பாதி வழியில் கல் துருத்திக்கொண்டு ஒரு குறுகிய திருப்பம் இருந்தது. கடைசி அறையின் கூரையில் காற்று வர ஒரு துளை. திருப்பத்தையும் துளையையும் மறந்துவிடாதீர்கள், பின்னால் வேலை இருக்கிறது.

வாசல் அறையில் வள்ளிக்கண்ணு என்ற எலியும் கப்பையன் என்ற தேரையும் பங்குக்குக் குடியிருந்தார்கள். நம் ஊரில் அட்வான்ஸ் என்கிறோமே, அது காட்டிலும் உண்டு. பணமாக இல்லை, தானியமாக. குடிவரும் அன்றே வள்ளிக்கண்ணு ஏழு கம்பங்கதிரைக் கொடுத்துவிட்டாள். கப்பையனுக்குக் கதிரைப் பற்றி என்ன தெரியும்? சுவரில் கரையான் ஏறாமல் தின்று தீர்ப்பது அவன் பங்கு.

கதிரை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டு முள்ளாண்டி ஒரு நிபந்தனை சொன்னார். காலி செய்யும்போது அறையில் இருக்கிற இரண்டு பேரும் சேர்ந்து வந்து கேட்க வேண்டும். ஒருவர் மட்டும் வந்தால் கதிர் கிடையாது. இருவரும் நல்ல யோசனை என்று தலையாட்டினார்கள். குடிவருகிற நாளில் யார்தான் காலி செய்கிற நாளை நினைக்கிறார்கள்?

ஐப்பசி பிறந்தது. முதல் இடி இடித்தது. முதல் இடி கேட்டதும் குளத்துக்குப் போய்விடுவது தேரைகளின் வழக்கம். கல்யாணம், குடும்பம் எல்லாம் அவர்களுக்கு அங்கேதான். கப்பையனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வாசலில் நின்று போய்வருகிறேன் என்றான். நல்லபடியாகப் போய் வா என்றாள் வள்ளிக்கண்ணு. பிரிகிற பரபரப்பில் இருவருக்கும் கதிரின் நினைப்பே வரவில்லை. போகும் முன் இருவரும் சேர்ந்து கடைசி அறைவரை நாலடி நடந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

இரண்டு நாள் கழித்து, வள்ளிக்கண்ணு கோரைக்கிழங்கு தேடிவிட்டு அறைக்குத் திரும்பினாள். மூலையில் ஏதோ கிடந்தது. கை கனத்தில், சுருள் சுருளாக.

அது ஒரு சாரைப்பாம்பு.

 அவள் ஓடத் திரும்பப் போனாள். அப்போதுதான் அதன் கண்ணைப் பார்த்தாள். பால் ஊற்றியது போல் வெளுத்திருந்தது. சட்டை உரிக்கப்போகிற பாம்புக்குக் கண் இப்படித்தான் மங்கும். பசியும் எடுக்காது. உரித்து முடித்ததும் கண்ணும் தெளியும், பசியும் வரும். எலிக் குலத்தில் பிறந்த யாருக்கும் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

"வந்துட்டியா தங்கச்சி?" என்றது சாரை, நாக்கை நீட்டி இழுத்துக்கொண்டே. "முள்ளாண்டி உன்னைப் பத்திச் சொன்னாரு. நல்ல புள்ளைன்னாரு. இப்பக் கண்ணு தெரியல. தெளிஞ்சதும் முதல்ல உன்னைத்தான் பாக்கணும்."

வள்ளிக்கண்ணு பின்னாலேயே நகர்ந்து வெளியே வந்துவிட்டாள்.  விட்டது சனியன் என்று அப்படியே ஓடியிருக்கலாம். ஆனால் அவள் வயிற்றில் குட்டிகள் இருந்தன. மழை பிடித்துவிட்டால் வயலெல்லாம் தண்ணீர், ஒரு மணி தானியம் கிடைக்காது. அந்த ஏழு கதிரைத் தவிர அவளிடம் வேறு எதுவும் இல்லை. கதிர் இல்லையென்றால் குட்டிகள் இல்லை.

நேராகக் குளத்துக்குப் போய்க் கப்பையனைக் கையோடு கூட்டிவந்தாள். பாவம், கல்யாணப் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு வந்தான். இருவரும் சேர்ந்து முள்ளாண்டியின் முன் போய் நின்றார்கள்.

முள்ளாண்டி கப்பையனை ஏற இறங்கப் பார்த்தார். இவன் காலி செய்துவிட்டுப் போனவன், இவனுக்கு இங்கே என்ன பேச்சு என்றார். ஒப்பந்தம் இப்போது மாறிவிட்டது, அறையில் இருப்பது அவளும் சாரையும்தான் என்றார்.

"அண்ணாச்சி, கதிரைக் குடுத்தது நான்தானே?" என்றாள் வள்ளிக்கண்ணு.

"யாரு இல்லேன்னா? சாரையைக் கூட்டிக்கிட்டு வா. ரெண்டு பேரும் சேர்ந்து வந்து கேளுங்க. அந்த நிமிஷமே குடுத்துருவேன். பேச்சுன்னா பேச்சு."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் அவளுக்கு விஷயம் புரிந்தது. சாரை தானாக வரவில்லை. இவர்தான் பார்த்துப் பார்த்துக் குடிவைத்திருக்கிறார். கண் தெளிந்ததும் சாரை அவளை விழுங்கிவிடும். பிறகு அட்வான்ஸைத் திருப்பிக் கேட்க யார் இருக்கிறார்கள்? சாரையிடம் அவர் அட்வான்ஸே வாங்கவில்லை, காரணமும் அதுதான். வீட்டுக்காரர்களில் கெட்டிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு பாதகனைப் பார்த்ததில்லை.

வெளியே வந்து கப்பையன் அழுதான். நான் அன்றைக்கு நினைவாக இருந்திருக்க வேண்டும் என்று தலையில் அடித்துக்கொண்டான். அழுது என்ன செய்ய? பாம்பின் கண் தெளிய எப்படியும் ஆறேழு நாள் ஆகும் என்று வள்ளிக்கண்ணு கணக்குப் போட்டாள். அதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. பகலில் அந்த அறையின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு கிடந்தாள். அறையை விட்டால் காலி செய்துவிட்டாள் என்று முள்ளாண்டி கதிரை எடுத்துக்கொள்வாரே! ஒவ்வொரு முறை சாரை புரளும்போதும் வயிற்றைக் கையால் மூடிக்கொண்டாள். தினமும் ஒரு தடவை அது தலையைத் தூக்கி, இருக்கிறாயா தங்கச்சி என்று கேட்கும். இருக்கிறேன் அண்ணே என்று சொல்ல வேண்டும். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்வதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வரும்.

நாலாம் நாள் கடைசி அறையிலிருந்து கீச்சு கீச்சென்று சத்தம் கேட்டது. முள்ளாண்டிக்கு இரட்டைக் குட்டி பிறந்திருந்தது. பிறந்த குட்டிக்கு முள் இருக்கும், ஆனால் அது குத்தாது. ஈரப் புல்லைப் போல் மெத்தென்று இருக்கும். கெட்டிப்பட நாளாகும். பாம்பு வந்தால் இரண்டே வாய்.

முள்ளாண்டி குட்டிகளைக் கொஞ்சிக்கொண்டிருந்தார். தான் போட்ட நிபந்தனை அவருக்கு நினைவில்லை. வள்ளிக்கண்ணுவுக்கு இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து வரவேண்டும். எங்கே வரவேண்டும்? இந்தக் கடைசி அறைக்கு.

அன்று முதல் அவள் நடையின் திருப்பத்தில் மண்ணைத் தோண்டினாள். அங்கிருந்து நேராக வெளியே போக ஒரு பொந்து. எலி நுழையலாம், சாரை நுழைய முடியாது. அடிக்கொரு தரம் நின்று காது கொடுப்பாள். சாரை உடம்பைத் தரையில் தேய்க்கும் சத்தம் நாளுக்கு நாள் கூடியது. உரிக்கிற நேரம் நெருங்கிவிட்டது.

பொந்து முடிந்த அன்று கப்பையனை அழைத்து, கூரைத் துளைக்கு மேலே புல்லில் உட்காரவைத்தாள். உள்ளேயிருந்து கதிர் வெளியே விழும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம் கொடு, ஏழும் வந்தால்தான் நான் திரும்புவேன் என்றாள். ஆறு வந்தால் போதாதா என்று கேட்டான் கப்பையன். மழைக்காலம் எத்தனை நாள் என்று உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியும் என்றாள் அவள்.

பிறகு முள்ளாண்டியிடம் போய்க் கடைசியாக ஒருமுறை கேட்டாள். அண்ணாச்சி, நீங்கள் சொன்னபடியே செய்துவிடுவேன், யோசித்துச் சொல்லுங்கள் என்றாள். செய், போ என்று அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நடுப்பகல். வள்ளிக்கண்ணு சாரையின் முன்னால் போய் நின்றாள். 

"அண்ணே, நடையில ஒரு கல்லு இருக்கு. சொரசொரன்னு நல்ல கல்லு. சட்டையைத் தேய்க்கத் தோதா இருக்கும். நான் முன்னால போறேன், வாங்க."

சாரை நாக்கை நீட்டி அவள் வாசனையைப் பிடித்தது. "உனக்கு நல்ல மனசு தங்கச்சி," என்று பின்னாலேயே ஊர்ந்தது.

அவள் ஓடவும் முடியாது, நிற்கவும் முடியாது. ஓடினால் வாசனை அறுந்துவிடும். நின்றால் அது மேலே ஏறிவிடும். நாக்கு இரண்டு முறை அவள் வாலைத் தொட்டது. திருப்பம் வந்ததும் பொந்தின் வாயில் ஒரு காலை வைத்துக்கொண்டு, இருக்கிற குரலையெல்லாம் கூட்டிக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, ரெண்டு பேரும் சேர்ந்து வந்திருக்கோம். என் கதிரைக் கூரைத் துளை வழியா வெளியே போடுங்க."

 செதில் கல்லில் தேய்கிற சரசரப்பு கடைசி அறைவரை கேட்டது. குட்டிகள் வீறிட்டன. முள்ளாண்டியின் மனைவி, எறியுங்கள் அதை, பிள்ளைகளைவிடக் கதிரா பெரிது என்று கத்தினாள்.

மேலே கப்பையன் சத்தம் கொடுத்தான். ஒன்று. இரண்டு. மூன்று.

சாரை கல்லில் முகத்தைத் தேய்த்தது. உதட்டு ஓரத்தில் தோல் கிழிந்தது.

நாலு. ஐந்து.

தோல் மேலே சுருண்டது. ஒரு கண்ணின் வெள்ளை விலகியது. உள்ளே கறுப்பாக ஒரு கண் பளபளத்தது.

ஆறு.

அவ்வளவுதான். ஏழாவது சத்தம் வரவில்லை. அந்த நேரத்திலும் முள்ளாண்டி ஒரு கதிரைப் பிடித்துவைத்துக்கொண்டார்! புத்தி எங்கே போகும்? ஆறு கிடைத்ததே என்று அவள் ஓடிப்போவாள் என்று நினைத்தார்.

வள்ளிக்கண்ணுவுக்கும் அப்படித்தான் தோன்றியது. பொந்து காலடியில் இருந்தது. ஆனால் வயிற்றில் குட்டிகள் உதைத்தன. அவள் பொந்திலிருந்து காலை எடுத்து, கடைசி அறையை நோக்கி ஒரு அடி வைத்தாள். வாசனை நகர்ந்ததும் சாரையும் அந்தப் பக்கம் ஒரு முழம் நகர்ந்தது.

"இன்னும் ஒண்ணு பாக்கி, அண்ணாச்சி," என்றாள்.  அடுத்த அடிக்குக் கால் தயாராக இருந்தது.

கூரைக்கு மேலே ஏழாவது சத்தம் கேட்டது.

"தங்கச்சி," என்றது சாரை மெதுவாக. "இப்பக் கண்ணு தெரியுது."

அவள் பாய்ந்தாள். அதுவும் பாய்ந்தது. பழைய சட்டை கல்லில் மாட்டி இழுத்ததால் அது அரை நொடி பிந்தியது. அந்த அரை நொடிதான். அவள் வால் நுனி போயிற்று, உயிர் பொந்துக்குள் போய்விட்டது.

வள்ளிக்கண்ணு வெளியே வெயிலில் வந்து விழுந்தாள். கப்பையன் ஏழு கதிரையும் ஒவ்வொன்றாகக் காட்டினான். இருவரும் அதை ஒரு பனைமரத்து வேருக்கடியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அன்று மாலையே மழை பிடித்தது. ஐந்து குட்டிகள் பிறந்து, அந்தக் கம்பைத் தின்ற தாயின் பாலில் ஐந்தும் பிழைத்தன.

முள்ளாண்டி என்ன ஆனார் என்று கேட்பீர்கள். சாரைக்கு அந்த வாசல் அறை பிடித்துப்போய்விட்டது. அட்வான்ஸும் கொடுக்கவில்லை, வாடகையும் கொடுக்கவில்லை, காலி செய் என்று சொல்ல யாருக்கும் தைரியமும் இல்லை. முள்ளாண்டி மழைக்காலம் முழுக்கக் கடைசி அறையின் வாசலில் முதுகைக் காட்டி, முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு, குட்டிகளை மறைத்தபடி நின்றார். இரை தேடப் போகவில்லை, கண் மூடித் தூங்கவில்லை. நடையின் இருட்டிலிருந்து தினமும் ஒரு குரல் மட்டும் வரும்.

"இருக்கீங்களா, அண்ணாச்சி?"

பிறர் பொருளைத் திருப்பிக் கொடுக்காமல் இருப்பதற்காக ஒருவன் போடும் நிபந்தனை, ஒருநாள் அவன் பிள்ளைகள் படுத்திருக்கும் அறைக்கே வந்து நிற்கும்.