சாமி சொல்லாமல் விட்டது

"சாமி, நீங்க மாத்திரை போடுவீங்களா?"

மடத்துச் சாமி தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார். மாத்திரை அதற்குள் உள்ளே போய்விட்டது.

"சர்க்கரை. ரொம்ப வருசமா இருக்கு."

செண்பகராமன் வாசற்படியிலேயே நின்றார். சாமியைவிட வயதில் மூத்தவர், ஆனாலும் சீடர். இறந்துபோன மனைவி உலகம்மாளின் காரியத்தை முடித்துவிட்டு நேராக மடத்துக்கு வந்திருந்தார்.

"அவளுக்கு மார்பில கட்டி வந்தப்ப இங்கதான் கூட்டிட்டு வந்தேன்."

"ஆமா. திருநீறு பூசிவிட்டேன்."

"ஆஸ்பத்திரிக்குப் போவோமான்னு கேட்டா. போனா சாமிய நம்பலைன்னு ஆயிரும்னு சொன்னேன். அப்புறம் அவ கேட்கவே இல்ல. கட்டி புண்ணாகியும் துணியைச் சுத்தி மறைச்சிருக்கா. நாத்தம் வந்த பிறகுதான் எனக்கே தெரிஞ்சது."

சாமி செம்பை ஓரமாக நகர்த்தினார்.

"நீங்க போகாதேன்னு சொல்லலை. போன்னும் சொல்லலை."

"சொல்லலை."

"ஏன்?"



"போன்னு சொன்னா, பிறகு யாரும் என்னைத் தேடி வரமாட்டாங்களோன்னு இருந்துச்சு."

விதி, வினை என்று ஏதாவது சொல்வார் என்று நினைத்துத்தான் செண்பகராமன் வந்திருந்தார். சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். இப்போது அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

அந்நேரம் ஒரு பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். குழந்தைக்குக் கண் செருகியிருந்தது.

"காய்ச்சல் விடவே மாட்டேங்குது சாமி. திருநீறு போட்டு விடுங்க."

சாமி திருநீற்றுத் தட்டை எடுக்கவில்லை. செண்பகராமனைப் பார்த்தார்.

செண்பகராமன் தட்டிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துக் குழந்தையின் நெற்றியில் பூசினார். நெற்றி கொதித்தது.

"வாம்மா, ஆஸ்பத்திரிக்குப் போவோம். வெளியே என் வண்டி நிக்குது."

அவள் நகரவில்லை. சாமியின் பக்கம் திரும்பினாள்.

"அப்போ உங்க திருநீறு பலிக்காதா சாமி?"

சாமி எழுந்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"பிள்ளையை எங்கிட்ட குடும்மா. நானும் வர்றேன்."