மூன்றாம் மாடியில் நாற்காலி இல்லை

“அம்மா, அவகிட்ட நான் என்னன்னு ஆறுதல் சொல்றது?”

ஜவுளிக்கடை அருணகிரி மடத்துக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கேட்டார். மூன்று மாடிக் கடைக்கு முதலாளி. பத்து நாளாக மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

மடத்து அம்மா மணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அருணகிரியைவிடப் பத்து வயது சின்னவர். ஆனால் யாரையும் நீ என்றுதான் பேசுவார்.

உட்கார் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமல் அங்கே யாரும் உட்காருவதில்லை.

“யாருகிட்ட?”

“பேச்சித்தாய்னு ஒரு பொண்ணு. மூணாம் மாடியில சேலை விரிச்சுக் காட்டுறவ. ஆறாம் மாசத்துல குழந்தை வயித்துலேயே போயிடுச்சு.”

“எத்தனை நாள் லீவு கொடுத்தே?”

“நாலு நாள்.”

“சட்டம் எத்தனை கொடுக்கச் சொல்லுது?”

“ஆறு வாரம். சம்பளத்தோட.” குரல் இறங்கிவிட்டது. “ஆடித் தள்ளுபடிம்மா. ஆள் பத்தல. வேலை லேசா இருக்கட்டும்னு அதே மாடியில குழந்தைங்க துணிப் பிரிவுக்கு மாத்தி விட்டேன். அங்க நின்னு ஒரே சட்டையை மடிக்கிறா, பிரிக்கிறா, மறுபடி மடிக்கிறா. யாரோடயும் பேச மாட்டேங்கிறா.”

“அடப் பாவி!” என்றார் அம்மா.

அருணகிரிக்கு அப்போதுதான் உறைத்தது.

“ஆணா, பொண்ணா?”

“எதும்மா?”

“அவ குழந்தை.”

“கேக்கலியே.”

அம்மா அடுத்த கீரைக்கட்டைப் பிரித்தார். தலை நிமிராமல் ஆய்ந்துகொண்டே இருந்தார்.

அருணகிரி கால் மாற்றி நின்றார். தூணில் சாய்ந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டார். வெயில் முற்றத்துக்கு வந்துவிட்டது. மூன்றாவது கட்டும் முடிந்தது.

“அம்மா, கொஞ்சம் உட்கார்ந்துக்கட்டுமா?”

“இதை அவ எத்தனை தடவை கேட்டா?”

அருணகிரிக்கு முகம் செத்துப்போயிற்று. மூன்று தடவை. கடைசித் தடவை வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“கஸ்டமர் வர்றப்போ உட்கார்ந்திருந்தா லட்சுமி திரும்பிப் போயிடுவான்னு, எங்கப்பா காலத்துலேருந்து...”

“நீ வந்தப்போ நான் உட்கார்ந்துதானே இருந்தேன். திரும்பியா போனே?”

அம்மா ஆய்ந்த கீரையை ஒதுக்கி வைத்தார்.

“இப்போ உன் கடையில வயித்தோட யாராவது நிக்கிறாங்களா?”

“ஐயோ!”

அமலோற்பவம். ஏழு மாசம். நேற்றுகூடக் கேட்டாள்.

போனை எடுத்தார். எதிர்முனையில் மூன்றாம் மாடி சூப்பர்வைசர்.

“மாடசாமி, பேச்சித்தாயை வீட்டுக்கு அனுப்பு. ஆறு வாரம், சம்பளம் உண்டு. சாயங்காலம் நான் அவ வீட்டுக்கு வர்றேன்னு சொல்லு. இல்ல இல்ல, வரலாமான்னு கேளு. அமலோற்பவத்துக்கு உடனே ஒரு நாற்காலி போடு.”

“நாற்காலியா? மாடியில ஏது முதலாளி? உங்க ரூம்ல கெடக்கிறது ஒண்ணுதான்.”

“அதைத்தான் சொல்றேன். தூக்கு.”