தலை ஒரு வீட்டில், உடம்பு ஒரு வீட்டில்

“ஆன்ட்டி, நான் போட்ட தலைக்கு இவன் போட்ட உடம்பு சேரலைன்னா அது என் தப்பா? நீங்களே சொல்லுங்க.”

இப்படிக் கேட்டவன் ரெக்ஸ்லின். கேட்ட இடம் தூத்துக்குடியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை. மேஜை மேல் காகிதத்தில் வெட்டிய ஒரு தலை கிடந்தது. நல்ல பெரிய தலை, முற்றிய தேங்காய் அளவு இருக்கும். அதற்குக் கீழே கோமதிசங்கர் கொண்டுவந்து வைத்த உடம்பு கட்டை விரல் நீளம். இரண்டையும் ஒட்டியும் பார்த்திருந்தார்கள். ஊதுபத்தியில் பூசணிக்காயைக் குத்தி வைத்தது போல இருந்தது.

நான் அடுப்பில் ரசத்தை வைத்துவிட்டு வந்தவள். பஞ்சாயத்துக்கு எனக்கு நேரமில்லை. மேஜையைச் சுற்றி நின்ற நாலு பேர் தப்பும்தான் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அந்தத் தீர்ப்பு நால்வருக்கும் மிகவும் பிடித்துப்போனது. தப்பும் சமமாகப் பங்காகிவிட்டதல்லவா.

விஷயம் இதுதான். பதினோராம் வகுப்பு ஆங்கிலப் பாடத்துக்கு டெல்பின் மிஸ் ஒரு வேலை கொடுத்திருந்தார். நான்கு நான்கு பேராகச் சேர்ந்து ஆங்கிலத்தில் ஒரு கிராஃபிக் நாவல் செய்ய வேண்டும். அதாவது கட்டம் கட்டமாகப் படம் போட்டு, ஆட்களின் வாயிலிருந்து பலூன் விட்டு, பலூனுக்குள் பேச்சை எழுதுகிற புத்தகம். நான் படித்த கான்வென்டில் இந்த மாதிரிப் படக்கதையைப் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படித்தால் சிஸ்டர் காதைத் திருகுவார். இப்போது இதற்கு மார்க் போடுகிறார்கள்.

ரெக்ஸ்லின், கோமதிசங்கர், ஷிபானா மூவருக்கும் இந்த மார்க் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். என் மகன் அமுதனுக்குத்தான் கழுத்துக்குக் கத்தி. காலாண்டில் ஆங்கிலத்தில் ஃபெயில். அரையாண்டில் அதைவிடத் தெளிவாக ஃபெயில். பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு, இந்தப் படக்கதையில் பாஸ் ஆனால் பையனைப் பிளஸ் டூவுக்கு அனுப்புவோம், இல்லையென்றால் இன்னொரு வருடம் இதே பெஞ்சுதான் என்று சொல்லிவிட்டார். ஆங்கிலத்தில் மெடல் வாங்கியவளுக்கு இப்படி ஒரு பிள்ளை. அவன் அப்பா வழி என்று சொல்லித் தேற்றிக்கொள்கிறேன்.

நண்பனைக் கரையேற்றியே தீருவது என்று மற்ற மூவரும் சபதம் எடுத்தார்கள். சபதம் எடுக்காமல் இருந்திருந்தால் ஒருவேளை தப்பியிருப்பான்.

வேலையைச் சமமாகப் பிரித்துக்கொள்ளுங்கள், ஒருத்தர் பங்கை இன்னொருத்தர் செய்யக் கூடாது என்று மிஸ் சொல்லி அனுப்பியிருந்தார். சரிதான், ஆளுக்கு ஒரு அத்தியாயம் எடுத்துக்கொள்வார்கள் என்று நீங்களும் நானும் நினைப்போம். இவர்கள் ஆளையே பிரித்துவிட்டார்கள். தலை எல்லாம் ரெக்ஸ்லினுக்கு. கழுத்துக்குக் கீழே எல்லாம் கோமதிசங்கருக்கு. வீடு, தெரு, பஸ் ஷிபானாவுக்கு. பலூனும் பலூனுக்குள் இருக்கும் ஆங்கிலமும் அமுதனுக்கு.

ஆங்கிலத்தில் ஃபெயில் ஆனவனிடமா ஆங்கிலத்தைக் கொடுப்பீர்கள் என்று கேட்டேன். ஷிபானா, மந்தபுத்திக்காரிக்குச் சொல்வது போல நிதானமாக விளக்கினாள். “மார்க் வேணுங்கறவன் அவன்தானே ஆன்ட்டி. நாங்க எழுதினா மார்க் எங்களுக்குல்லா வந்துரும்.”

ஆக, தலை ஒரு வீட்டில், உடம்பு ஒரு வீட்டில் என்று ஒரு வாரம் வேலை நடந்திருக்கிறது. என்ன அளவு என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் அடுத்தவன் பங்கில் தலையிட்டது ஆகுமாம்.

சமம் என்றால் அவர்களுக்குச் சாதாரண சமம் இல்லை. தட்டில் மக்ரூன் வைத்தேன். ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்று அரைமணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு எல்லாவற்றையும் நொறுக்கித் தூளாக்கி ஸ்பூனால் அளந்து தின்றார்கள். கடையில் முந்திரிப் பருப்பு போட்டுப் பக்குவமாகச் செய்து தந்த மக்ரூன். அதை மருந்துப் பொடி மாதிரி வாயில் கொட்டிக்கொண்ட நான்கு பேரை நம்பித்தான் என் பிள்ளையின் ஒரு வருடம் இருந்தது.

தலை வழக்குக்கு வருவோம்.

“தலையைச் சின்னதாக்குலே” என்றான் கோமதிசங்கர்.

“நான் எதுக்கு ஆக்கணும்? நீ உடம்பைப் பெருசாக்கு.”

ஷிபானா இருவரையும் கையமர்த்தினாள். “யாரும் எதையும் மாத்தக் கூடாது. மாத்துறவங்களுக்கு வேலை கூடிரும். அப்புறம் சமம் போயிரும்.”

நால்வரும் மோட்டுவளையைப் பார்த்தார்கள். கடைசியில் கோமதிசங்கருக்கு ஒரு வழி தெரிந்தது. “அப்போ ஒண்ணு செய்வோம் மக்கா. தலை பக்கத்துல வந்துட்டு. உடம்பு தூரத்துல வந்துக்கிட்டிருக்கு.”

இதை மூன்று பேரும் ஒப்புக்கொண்டதோடு, கதையையும் அதற்கு ஏற்றபடி மாற்றினார்கள். கதாநாயகனின் தலை முதல் மணிக்கே பள்ளிக்கூடம் வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறது. உடம்பு இன்னும் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறது. தலை மட்டும் வந்திருந்தால் வருகைப் பதிவு உண்டா, உண்டென்றால் யார் கை தூக்கி உள்ளேன் என்று சொல்வது என்று அடுத்த சண்டை. நான் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் வந்தது. பஸ்ஸுக்கு நடுவில் ஸ்டீயரிங், கூரையில் சக்கரம், பின்னால் ஒரு புகைபோக்கி. ஷிபானாவின் வீடு பஸ் ஸ்டாண்டுக்கு நேர் எதிரே. பிறந்ததிலிருந்து பஸ் ஹாரன் கேட்டு வளர்ந்த பெண்.

“ஏம்மா, ஜன்னலைத் திறந்து ஒரு பஸ்ஸைப் பார்க்கக் கூடாதா?”

அவள் அதிர்ந்துபோனாள். எதையும் பார்த்து காப்பி அடிக்கக் கூடாது, காப்பி என்று தெரிந்தால் குழுவுக்கே சைபர் என்று மிஸ் சொல்லியிருந்தாராம். பஸ்ஸைப் பார்த்து பஸ் வரைந்தால் அது காப்பிதானே. அதனால் வேலை முடியும் வரை ஜன்னலைச் சாத்தித் திரை போட்டு, பள்ளிக்கூடத்துக்குக் கூட அப்பாவின் ஸ்கூட்டரில் கண்ணை மூடிக்கொண்டு போயிருக்கிறாள். பஸ்ஸுக்குச் சக்கரம் கீழேதான் இருக்கும் என்று கோமதிசங்கர் சொல்லப்போக, அது எப்படித் தெரியும், எங்கே பார்த்தாய் என்று மூவரும் அவனை மடக்கினார்கள். ஒரு தடவை ஏறியிருக்கிறேன் என்று தலையைக் குனிந்து ஒப்புக்கொண்டான். மன்னித்துவிட்டார்கள்.

இவ்வளவும் நடக்கும்போது என் பையன் என்ன கிழித்தான் என்று பார்த்தேன். பலூன்களை மட்டும் கறுப்பு மார்க்கரில் வட்ட வட்டமாகப் போட்டு அடுக்கி வைத்திருந்தான். உள்ளே ஒரு எழுத்து இல்லை.

“இங்கிலீஷ்ல ஒரு தப்பு கூட இருக்கக் கூடாதுன்னு மிஸ் சொன்னாங்கம்மா. நல்லாப் பாரு. ஒரு தப்பு இருக்கா?”

பார்த்தேன். இல்லைதான். அவன் வாழ்நாளில் தப்பில்லாமல் செய்த முதல் ஆங்கில வேலை அது. மற்ற மூவரும் பலூன்களை வாங்கி வாங்கிப் பார்த்து, லே, பாஸ்தாம்லே நீ என்று முதுகில் தட்டினார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் இங்கே கொடுங்கள், நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டேன். பிள்ளை இன்னொரு வருடம் அதே பெஞ்சில் உட்கார்ந்தால் அவமானம் எனக்கு. ஆனால் அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. நான் சேர்ந்தால் ஐந்து பேர் ஆகிவிடுமாம். தலை, உடம்பு, ஊர், பலூன் என்று நான்கு பங்குதான் இருக்கிறது, உங்களுக்கு எதைக் கொடுப்பது என்று ரெக்ஸ்லின் உண்மையிலேயே வருத்தப்பட்டான்.

பேச்சே இல்லாவிட்டால் படிப்பவருக்குக் கதை எப்படிப் புரியும் என்று ஷிபானாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. மிஸ்ஸுக்குப் போன் போட்டார்கள். அந்த அம்மாவும் சும்மா இருந்திருக்கலாம். எல்லாவற்றையும் வரைந்து காட்ட வேண்டியதில்லை, ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே வெள்ளையாக ஒரு இடைவெளி இருக்கிறதே, பாதிக் கதை அங்கேதான் நடக்கிறது, அதைப் படிப்பவர்கள் மனதில் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். படித்தவர்கள் பேசுகிற பேச்சு. யாரிடம் பேசுகிறோம் என்று பார்க்க வேண்டாமா?

போனை வைத்தார்கள்.

“பாதிக் கதை நடுவுலயா நடக்கு?” என்றான் ரெக்ஸ்லின்.

“அப்போ நடுவைப் பெருசாக்கினா முழுக் கதையும் நடக்கும்ல?” என்றான் என் சீமந்த புத்திரன்.

அன்றைக்கே ஆரம்பித்தார்கள். சேராத தலையும் உடம்பும் முதலில் இடைவெளிக்குள் போயின. அப்புறம் பஸ். அப்புறம் சண்டைக் காட்சி, ஏனென்றால் கோமதிசங்கருக்கு முஷ்டி வரையத் தெரியாது. கட்டங்கள் தபால் தலை அளவு ஆயின. பிறகு புள்ளி ஆயின. பிறகு, இடைஞ்சலாக இருக்கிறதென்று புள்ளிகளையும் எடுத்துவிட்டார்கள். வெள்ளைச் சார்ட்டு அட்டையை அளவாக வெட்டி, ஆளுக்கு ஐந்து பக்கம் என்று சமமாகப் பிரித்துக்கொண்டு, ஒன்றும் வரையாமல் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்கள்.

வைத்த கையோடு ரெக்ஸ்லின் எழுந்து நின்றான். கோமதிசங்கரின் பக்கத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். தன் பக்கத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். முகம் சிவந்துவிட்டது.

“ஆன்ட்டி, இவன் என் பக்கத்தை அப்படியே காப்பி அடிச்சிருக்கான்.”

“நான் அடிக்கலை. நான் இதை வெள்ளிக்கிழமையே வரையலை. நீ நேத்துதான் வரையலை.”

காப்பி என்றால் சைபர். சைபர் என்றால் அதே பெஞ்சு. இருபது பக்கமும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருப்பதை அப்போதுதான் நால்வரும் கவனித்தார்கள். அமுதன் அழுகிற நிலைமைக்கு வந்துவிட்டான். எனக்கே ஒரு நிமிடம் பாவமாக இருந்தது. ஒரு நிமிடம்தான்.

ஷிபானாதான் காப்பாற்றினாள். அவரவர் பக்கத்தில் அவரவர் பங்கை முழுதாக வரைய வேண்டும், பிறகு முழுதாக அழிக்க வேண்டும். அப்படியே செய்தார்கள். ரெக்ஸ்லின் தலைகளை வரைந்து அழித்தான். அவள் பஸ்ஸை வரைந்து அழித்தாள். கோமதிசங்கர் உடம்பை அழித்த வேகத்தில் அட்டையில் வயிறு இருந்த இடம் ஓட்டையாகிவிட்டது. இப்போது இது தலை இல்லாத பக்கம், அது பஸ் இல்லாத பக்கம், ஒன்றைப் பார்த்து ஒன்று அடித்ததில்லை என்று வரிசைப்படுத்தித் தைத்தார்கள். மேஜை முழுக்க ரப்பர் தூள். கூட்டிப் பெருக்கியது யார் என்று கேட்காதீர்கள். அந்த வேலையை மட்டும் யாரும் பங்கு கேட்கவில்லை.

முகப்பு அட்டையில் பெயர் எழுத வேண்டும். யார் பெயர் முதலில்? முதலில் வருகிறவனுக்கு மார்க் கூடிவிடுமே. நான்கு பேரும் ஒரே இடத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக எழுதினார்கள். எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்தது மாதிரி ஒரு கறை விழுந்தது. ஒருவர் பெயரும் முந்தவில்லை, பிந்தவில்லை.

மார்க் அறிவிக்கும் நாளில் பெற்றோரையும் வரச் சொல்லியிருந்தார்கள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பெற்றோர் யாரும் நடுவில் பேசக் கூடாது என்று டெல்பின் மிஸ் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். போன பெற்றோர் கூட்டத்தில் கொஞ்சம் பேசிவிட்டேன்.

மிஸ் களைத்துப்போயிருந்தார். மற்ற எல்லாக் குழுக்களும் இன்டர்நெட்டிலிருந்து எடுத்து ஒட்டிவிட்டார்களாம். ஒரு குழுவின் கதாநாயகனுக்கு ஜப்பான் விலாசம் கூட அப்படியே இருந்ததாம். எல்லாருக்கும் சைபர். பிறகு அந்த வெள்ளைப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். எங்கிருந்தும் எடுக்காதது இது ஒன்றுதான், ஆங்கிலத்தில் ஒரு தப்பும் இல்லை, பாஸ் மார்க் போட்டுவிடலாம் என்று பார்க்கிறேன், பெயர்தான் படிக்க முடியவில்லை, யாருடையதோ அவர்கள் கை தூக்குங்கள் என்றார்.

முன் பெஞ்சில் நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அமுதனின் கை தோள் வரை வந்தது. ஷிபானா அதைப் பிடித்துக் கீழே இறக்கினாள். யார் கை முதலில் ஏறுகிறதோ புத்தகம் அவருடையதாகிவிடும். அவன் புரிந்துகொண்டு தலையாட்டினான். பிறகு நான்கு பேரும், யார் கையும் தப்பித் தவறி முந்திவிடக் கூடாது என்று, இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்கள்.

நான் எழுந்தேன். மிஸ் என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். உட்கார்ந்தேன்.

மிஸ் பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டு இன்னொரு தடவை கேட்டார். புத்தகத்தைப் புரட்டி, வயிற்றில் ஓட்டை விழுந்த பக்கத்தின் வழியாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே மூன்றாவது தடவை கேட்டார்.

“நாலு பேரும் வேண்டாம்ப்பா. யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர் மட்டும் கையைத் தூக்குங்க.”