வைத்தியரை நாடு கடத்திய அமைச்சர்

முன்னொரு காலத்தில் ஆம்பலூர் நாட்டை மணிமார்பன் என்ற ராஜா ஆண்டுவந்தார். இது பிளாஸ்டிக் குப்பையைப் பற்றிய கதை. அந்தக் காலத்தில் பிளாஸ்டிக் ஏது என்று என்னை மடக்காதீர்கள். என் கதையில் இருந்தது, மலை மலையாக இருந்தது. ராஜா நல்ல மனிதர்தான். ஆனால் மூக்கின் மேல் கோபம். யார் முதலில் பேசுகிறாரோ அவர் சொன்னதே சட்டம்.

ஒருநாள் ராஜா கால்வாயில் படகேறி உலா போனார். பைகளும் புட்டிகளும் துடுப்பில் சிக்கி, படகு நட்டநடுவில் நின்றுவிட்டது. கரையில் இருந்த ஜனங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"கால்வாயைச் சுத்தம் செய்ய வழி சொல்லுங்கள்!" என்று ராஜா சபையில் கத்தினார். அமைச்சர் இளநாகனார் வாயைத் திறப்பதற்குள் தளவாய் வீரபாகு முந்திக்கொண்டார். அமைச்சருக்கு நல்ல பெயர் கிடைத்தால் தளவாய்க்கு அன்று சோறு இறங்காது.

"வேந்தே, குப்பை கிடக்கும் இடமெல்லாம் போய்ப் பார்த்தேன். எங்கேயும் சாக்கும் கையுமாகக் குப்பை பொறுக்கும் பெண்கள்தான் நிற்கிறார்கள். அவர்களை விரட்டினால் குப்பையும் ஒழியும்."

"அடடே! அப்படியானால் நாளை மாலைக்குள் அவர்கள் எல்லையைத் தாண்டட்டும்!"

அந்தப் பெண்களுக்குத் தலையில் இடி விழுந்தது. கரையோரக் குடிசையும், பொறுக்கியதை விற்று வைக்கும் உலையும்தான் அவர்களுக்கு உலகம். அவர்களில் செம்பாயி என்பவள் அமைச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஐயா, நாங்க பொறுக்கலேன்னா இந்தக் கால்வா என்னிக்கோ தூந்து போயிருக்கும். புள்ளைகளக் கூட்டிக்கிட்டு எங்கய்யா போவோம்?"

எனக்கே வயிறு எரிகிறது. அமைச்சர் கொஞ்சம் யோசித்தார். "மூட்டை கட்டாதே அம்மா. காலையில் சபைக்கு வா" என்றார்.

ராஜாவுக்குப் பலாச்சுளை என்றால் உயிர். தின்றுவிட்டுக் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொள்வதும் வழக்கம். மறுநாளும் சபைக்கு வந்த கையோடு, "கூப்பிடு வைத்தியரை!" என்று முனகினார்.

"அவரை நாடு கடத்திவிட்டேன், வேந்தே" என்றார் அமைச்சர், வெற்றிலை மென்றபடி.

"என்னது!"

"நோய் இருக்கும் வீடெல்லாம் போய்ப் பார்த்தேன். எங்கேயும் மருந்துப் பையும் கையுமாக அவர்தான் நிற்கிறார். அவரை விரட்டினால் நோயும் ஒழியுமே என்று..."

"அறிவிருக்கிறதா உமக்கு? நோய் இருப்பதால் ஐயா வைத்தியர் வருகிறார்! அவரை விரட்டினால் என் வலி..."

ராஜா பாதியில் நிறுத்தினார். வாசலில் நின்ற செம்பாயியைப் பார்த்தார். பிறகு தளவாயைப் பார்த்தார். தளவாய் விட்டத்தைப் பார்த்தார்.

அமைச்சர் கையைத் தட்டினார். பக்கத்து அறையிலிருந்து வைத்தியர் கஷாயத்தோடு வந்தார். அதைக் குடித்துவிட்டு ராஜா சொன்னார்: "அம்மா, நீங்கள் யாரும் போக வேண்டாம். தவறு என்னுடையது. உனக்கு என்ன வேண்டும், கேள்."

"ஒரு சேலையைக் கொடுத்து அனுப்பலாம், வேந்தே" என்றார் தளவாய்.

"சேல வேணாம் மகாராசா. கால்வாயப் பத்திப் பேசுற எடத்துல எங்களுக்கும் ஒரு எடம் வேணும். எங்கள வெரட்டணும்னு பேசுனப்ப நாங்க இங்க இல்ல. இருந்திருந்தா வைத்தியருக்கு இந்தப் பொல்லாப்பு வந்திருக்காது."

சபையே சிரித்தது. தளவாய் மட்டும் பதறினார். "பெண்பிள்ளை, அதுவும் குப்பை தொடுபவள், இங்கே உட்காருவதா? ஆசனம்கூடக் காலி இல்லை!"

"இருக்கிறது. நீர் எழுந்திரும்" என்றார் ராஜா. "கால்வாயில் இறங்கி இவர்களோடு கொஞ்ச காலம் குப்பை பொறுக்கும். அப்புறம் உமக்கு வேறு ஆசனம் போடுகிறேன்."

செம்பாயி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மகாராசா, கோவில் திருவிழாவுல சக்கரப் பொங்கல பிளாஸ்டிக் பையில போட்டுக் குடுக்குறீங்களே, அத மொதல்ல நிறுத்துங்க. எலையில குடுங்க" என்றாள்.

அது ராஜா தம் கையாலேயே தொடங்கிவைத்த வழக்கம். ராஜாவின் முகம் சிவந்தது. அமைச்சர் வெற்றிலை மெல்வதைக்கூட நிறுத்திவிட்டார்.

"இலையிலேயே கொடுப்போம், அம்மா" என்றார் ராஜா.