காளை விழுந்த கிணறு

பொட்டலூரில் ரிஷப நிதி படுத்துவிட்ட சமயம் இது நடந்தது. நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம், கிணறு அங்கேதான் இருக்கிறது.

ஊரே அந்த நிதியில் பணம் போட்டிருந்தது. நிதியின் அடையாளம் ஒரு காளை. படத்தில் இருக்கிற காளை இல்லை, உயிருள்ள காளை. தினமும் தெருவில் நடத்திக் காட்டுவார்கள். அது கொழுத்தால் தன் பணமும் கொழுக்கிறது என்று ஊர் நினைத்துக்கொள்ளும். யார் வயலில் மேய்ந்தாலும் விரட்டக் கூடாது. அதன் திமிலில் இந்தப் பக்கம் ஒரு காக்கையும் அந்தப் பக்கம் ஒரு காக்கையும் கூடு கட்டியிருந்தன. இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை.

ஊருக்கு வெளியே ஒரு பாறைக் கரட்டின் அடியில் ஒரு மடம். அங்கே ஒரு குரு, ஒரு சீடர். சீடர் ஆவுடையப்பன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். குரு அவரைவிட வயதில் சின்னவர், அதனால் 'வாத்தியாரே' என்றுதான் கூப்பிடுவார். ஆவுடையப்பன் எல்லாவற்றையும் துறந்து வந்தவர், நிதியில் போட்டிருந்த பணத்தைத் தவிர. அந்த வட்டியில்தான் கணவனை இழந்த அவர் தங்கை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

சுற்று வட்டாரத்தில் மடத்துக் கிணறு ஒன்றில்தான் நல்ல தண்ணீர். கைக்கெட்டும் உயரத்துக்கு ஊறி நிற்கும். போன வருஷம் குரு யாத்திரை போயிருந்தபோது நிதிக்காரர்கள் வந்தார்கள். காளை தானே குனிந்து குடிக்கச் சுற்றுச்சுவர் இடைஞ்சலாக இருக்கிறது, இடித்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். வட்டியை அரை ரூபாய் கூட்டித் தருவதாகவும் சொன்னார்கள். ஆவுடையப்பன் தலையாட்டினார். கல்லை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அப்புறம் ஒரு காலையில் நிதியின் கதவு திறக்கவில்லை.

பேரூராட்சித் தேர்தல் நெருங்கியிருந்தது. தலைவர் பதவிக்கு இரண்டு பேர். ஊர்ப் பணத்தில் ஒரு பைசா தர மாட்டேன், தின்றவன் தின்றதைக் கக்கட்டும் என்றார் சுடலைமணி. ஊர்ப் பணம் முழுவதையும் கொட்டியாவது நிதியைத் தூக்கி நிறுத்துவேன் என்றார் கோமதிநாயகம். ஒலிபெருக்கி மடம் வரை கேட்கும். கோமதிநாயகம் பேசும்போது மட்டும் ஆவுடையப்பனின் ஜபம் நின்றுவிடும்.

இரண்டு பேரும் ஆசி வாங்க ஒரே நாளில் வந்து சேர்ந்தார்கள். ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி, நடுவில் குருவை வைத்து உட்கார்ந்தார்கள்.

தீனி போட ஆளில்லாமல் அலைந்த காளையும் அப்போதுதான் தண்ணீர் தேடி வந்தது. குனிந்தது. முன்னங்கால் சறுக்கியது. தெறித்த தண்ணீரில், கரட்டு உச்சியில் யாரோ காயப்போட்டிருந்த வடகம் நனைந்துபோனதாகச் சொல்வார்கள்.

சுடலைமணி எட்டிப் பார்த்தார். தன் வயலை அது எத்தனை தடவை அழித்தது என்று சொல்லிவிட்டு, "கிடந்து சாகட்டும்" என்றார்.

குரு ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு அவரிடம் நீட்டினார்.

"குடியுங்கள் அண்ணாச்சி. நாளைக்கு இந்த ருசி இருக்காது."

சுடலைமணி சொம்பையும் பார்த்தார், கிணற்றையும் பார்த்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

கோமதிநாயகம் அதற்குள் காரியத்தில் இறங்கியிருந்தார். தண்ணீருக்கு வந்த பெண்கள் பழைய பழக்கத்தில் கொண்டுவந்திருந்த தாம்புக் கயிறு, துணி காயப்போடும் கொடி, கன்றுக்குட்டியின் கழுத்துக் கயிறு என்று எல்லாவற்றையும் வாங்கி முடிச்சுப் போடச் சொன்னார்.

"உங்கள் ஜீப்பில் இரும்புச் சங்கிலி கிடக்கிறதே அண்ணாச்சி" என்றார் குரு.

"அது என் சொந்தச் சங்கிலி சாமி."

"அதனால்தான் கேட்டேன்."

சாமிக்கு எப்போதும் விளையாட்டு என்று சிரித்தார் கோமதிநாயகம். சங்கிலி ஜீப்பிலேயே கிடந்தது.

ஊர் கூடி இழுத்தது. கயிறுகள் ஒவ்வொன்றாக அறுந்தன. கடைசிக் கயிறு அறுகிற நேரத்தில் காளை மேலே வந்து விழுந்தது. உடம்பை உதறியது. மடத்துக் கத்தரிப் பாத்தியை வேரோடு தின்றது. தின்றதும் தாகம் எடுத்திருக்க வேண்டும். திரும்பவும் நேராகக் கிணற்றுக்கே வந்தது.

குரு குறுக்கே போய் நின்று அதன் நெற்றியில் கையை வைத்தார். காளை முட்டவில்லை, விலகவும் இல்லை.

அதைப் பார்க்க வேட்பாளர்கள் அங்கே இல்லை. சந்தைத் திடலுக்கு விரைந்துவிட்டார்கள். பெண்கள் அறுந்த கயிற்றைக் குடத்துக்குள் போட்டுக்கொண்டு போனார்கள். சற்று நேரத்தில் ஒலிபெருக்கி கேட்டது. காளையைத் தூக்கியவன் தான்தான் என்று ஒரு குரல். இப்படி ஆகும் என்று முதலிலேயே சொன்னவன் தான் என்று இன்னொரு குரல்.

ஆவுடையப்பன் தயங்கித் தயங்கி வந்தார்.

"சாமி, ஒன்று கேட்க வேண்டும். என் பணம் கொஞ்சம் அந்த நிதியில் இருக்கிறது."

"தெரியும். ஜபம் நிற்கிறபோதெல்லாம் தெரிந்தது."

"அது வராவிட்டால் தங்கை பட்டினி. கோமதிநாயகத்துக்கு ஓட்டுப் போட்டால் அந்தப் பணம் வரும். ஆனால் சுடலைமணி சொல்வதும் நியாயமாகப் படுகிறது. யாருக்குப் போடட்டும்?"

குரு காளையின் நெற்றியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"இந்தக் கிணற்றுக்கு ஒரு சுவர் இருந்ததே வாத்தியாரே. அந்தக் கல் எங்கே?"

ஆவுடையப்பன் தரையைப் பார்த்தார்.

"சந்தைத் திடலில், சாமி. நிதியின் ஆண்டு விழாவுக்கு மேடை கட்டினார்கள்."

"மேடை இருக்கிறதா?"

"இருக்கிறது. அதில் நின்றுதான் இரண்டு பேரும் பேசுகிறார்கள்."

ஒலிபெருக்கியில் கைதட்டல் கேட்டது. காளை ஓர் அடி முன்னால் வந்தது. குருவின் குதிகால் கிணற்று விளிம்பைத் தொட்டது.

"யார் முதலில் இறங்குகிறாரோ அவருக்குப் போடுங்கள்" என்றார் குரு. "நமக்குக் கல் வேண்டும்."